சென்னை இடப்பெயர்களில் அறுவகை வழக்கு

பவணந்தி முனிவரின் நன்னூல், மக்கள் வழங்கும் சொற்களை இலக்கணமுடையது, இலக்கணப்போலி, மரூஉ என மூன்று இயல்பு வழக்குகளாகவும், இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்று தகுதி வழக்குகளாகவும் பகுத்துள்ளது. முனிவர் மாநகரப் பேருந்தில் பயணம் செய்தவர் அல்லர் எனினும், மயிலாப்பூர் முதல் அடையாறு வரையிலான பெயர்களை முன்னறிந்தே இவ்வாறினையும் வகுத்தனரோ என்று ஐயுறுதற்கு இடமுண்டு.

நெறி பிறழாது பொருள் உணர்த்துவது இலக்கணமுடையது. கால்நடை மந்தைகள் மேய்ந்த வெளி மந்தைவெளி எனப்பட்டது. பின்னாளில் அங்கே பேருந்துகள் மந்தையாக நின்றதால் பெயர்க்காரணம் சிறிதும் கெடவில்லை.

இலக்கணம் இல்லாதிருந்தும் உடையது போலத் தோன்றுவது இலக்கணப்போலி. பாண்டி பஜாருக்கும் புதுச்சேரிக்கும் உறவு கற்பிப்போர் பலர். ஆயின் சுயமரியாதை இயக்கத் தலைவர் சௌந்தரபாண்டியனாரின் பெயரே முன்னும் பின்னும் தேய்ந்து, நடுப்பகுதி மட்டும் கடைவீதியில் எஞ்சியது என்பர்.

வாய்வழக்கில் சிதைந்த சொல் மரூஉ. தஞ்சாவூர் தஞ்சையானது போல்வது. மயிலாப்பூரை ஒட்டிப் பக்கிங்காம் கால்வாயின் மேலிருந்த ஹாமில்டன் பாலம், தமிழர் நாவில் அம்பட்டன் வாராவதி ஆயிற்று. அதனை ஆங்கிலேயர் மீண்டும் தம் மொழியில் பெயர்த்து, நாவிதர் பாலம் என்னும் பொருளில் பார்பர்ஸ் பிரிட்ஜ் என்று எழுதிக்கொள்ளவே, ஹாமில்டன் தம் இனத்தாராலேயே கைவிடப்பட்டார்.

அவையில் சொல்லத்தகாததை மறைத்துச் சொல்வது இடக்கரடக்கல். தெருப்பெயர்களில் சாதி நீக்கப்பட்டபோது, தியாகராய நகரின் தணிகாசலம் செட்டி சாலை தணிகாசலம் சாலை எனச் சேதமின்றித் தப்பியது. நீதிக்கட்சியை நிறுவியோருள் ஒருவரான டி.எம். நாயரின் பெயரிலமைந்த டாக்டர் நாயர் சாலையோ வெறும் டாக்டர் சாலையாகி, எந்த மருத்துவர், எந்நோய்க்கு மருத்துவர் என்னும் வினாக்களைப் பலகை பார்ப்போரிடமே விட்டது.

இறந்தாரைத் துஞ்சினார் என்பது போல மங்கலமல்லாததை மங்கலமாகக் கூறுவது மங்கலம். மாம்பலம் பகுதியில் பரந்து கிடந்த பேரேரி 1920களில் தூர்க்கப்பட்டுத் தியாகராய நகராக எழுந்தது. மேற்கு மாம்பலத்திலோ லேக் வியூ ரோடு இன்றும் உள்ளது. இல்லாத ஏரிக்கு இதனினும் மங்கலமான இரங்கற்பா இயற்றல் அரிது.

ஒரு கூட்டத்தார் தமக்குள் வழங்கும் மறைசொல் குழூஉக்குறி. சர் பிட்டி தியாகராயர் டி.நகர் என ஓரெழுத்தில் ஒடுங்கினார். அடையாற்றின் லேட்டிஸ் பிரிட்ஜ் ரோடு எல்.பி. ரோடு எனச் சுருங்கியபின், கல்கி கிருஷ்ணமூர்த்தி சாலை என்னும் பெயரைப் பெற்றது. அப்பெயர் பலகையில் ஏறியதேயன்றி ஷேர் ஆட்டோவில் ஏறவில்லை.

2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு இயைய மாற்றும் ஆணையை வெளியிட்டு, சில நாள்களிலேயே அதனைத் திரும்பப் பெற்றது. மேற்கண்ட ஆறு வழக்குகளுள் எதுவும் எக்காலத்தும் திரும்பப் பெறப்பட்டதில்லை. ஆதலின் பெயரிடும் உரிமை அரசுக்கு உண்டாயினும், அப்பெயர் நிலைக்குமா என்பதைத் தீர்ப்பவர் 'டி.நகரெல்லாம் இறங்கு' என்று குரல் கொடுக்கும் நடத்துநரே என்பது இவ்வாய்வின் முடிபு.