அங்கவஸ்திர ரசிகர்

மார்கழி மாதத்தில் சென்னைச் சபாக்களின் வாசலில் நின்று சற்று நேரம் வேடிக்கை பார்க்கும் பொறுமை உள்ளவர்களுக்கு, உள்ளே நடக்கும் கச்சேரிக்கு எவ்விதத்திலும் குறையாத இன்னொரு கச்சேரி டிக்கெட் இல்லாமலே கிடைக்கும் என்பது என் அநுபவம். ராகம் தெரிந்தவர், தெரியாதவர், தெரிந்ததாகத் தலையை ஆட்டுகிறவர், சிற்றுண்டிச்சாலையின் பொருட்டுச் சங்கீதத்தைச் சகித்துக்கொள்கிறவர் என்று வருகிறவர்களில் பல ரகம் உண்டு. இவர்களைப் பற்றியெல்லாம் நம் எழுத்தாளர்கள் வேண்டிய மட்டும் எழுதித் தீர்த்துவிட்டார்கள். ஆனால், நூறு பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தில் அந்தக் கூட்டத்தில் தென்படும் ஒரு விசேஷப் பிரகிருதி மட்டும் எப்படியோ அவர்கள் பேனாவுக்குத் தப்பிவிட்டது. அவர் இறங்குவது ஆட்டோரிக்ஷாவிலிருந்துதான். என்றாலும், எந்த வீட்டுக் கூடத்திலோ அறுபது எழுபது வருஷங்களாகத் தொங்கிக்கொண்டிருந்த புகைப்படத்தின் சட்டத்தைத் திறந்துகொண்டு இறங்கி வந்தவர்போலவே பார்க்கிறவர்களுக்குத் தோன்றும்.

அப்படிப்பட்ட ஒருவரோடு எனக்குப் பத்து வருஷத்துச் சிநேகம். பகல் பத்து மணியிலிருந்து மாலை ஐந்து மணி வரையில் அவர் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீஸின் கணக்குப் பிரிவில், சாம்பல் நிறக் கால்சட்டையும் கோடு போட்ட சட்டையும் அணிந்து, நாற்பத்தைந்து வயதுக்குரிய வழுக்கையோடும் கவலைகளோடும், யார் கண்ணிலும் விசேஷமாகப் படாமல் உட்கார்ந்திருக்கும் ஆத்மா. ஆறு மணிக்கு நடப்பதுதான் அவதாரம். மயில்கண் கரை போட்ட வேட்டி, சந்தன நிறத்தில் பட்டு ஜிப்பா, அதன் மார்பில் மெல்லிய சங்கிலியில் கோத்த மூன்று பொத்தான்கள் (தங்கம் அன்று, தங்கம் என்று நினைத்துக்கொள்கிறவர்களை அவர் திருத்துவதும் இல்லை), புறங்கையில் தடவிய ஜவ்வாது, காதில் கடுக்கன். இந்தக் கடுக்கனுக்கு ஒரு சரித்திரம் உண்டு. தம் தமக்கையின் பேரனுக்குக் காது குத்திய வைபவத்தில், குழந்தையின் காரியம் முடிந்ததும், "ஆசாரியாரே, கையோடு எனக்கும் போட்டுவிடுங்கள்" என்று இவர் மணையில் உட்கார்ந்துவிட்டாராம். அதுவரை வீரிட்டுக்கொண்டிருந்த குழந்தை ஆச்சரியத்தால் அழுகையை நிறுத்திவிட்டது என்று அங்கே இருந்தவர்கள் சொல்கிறார்கள். தாய்மாமன் மடியில் உட்காரவில்லை என்பது ஒன்றுதான் குறை.

எல்லாவற்றுக்கும் சிகரம் அங்கவஸ்திரம். அதைக் கஞ்சி போட்டு, முக்கால் உலர்ச்சியில் எடுத்து, ஒரு கோடியை மாமியும் மறு கோடியை இவருமாகப் பிடித்துக்கொண்டு, கூடத்தின் இரு சுவர்களில் முதுகு இடிக்கும்வரை பின்வாங்கி, நான்கு விரல் அகலத்துக்கு விசிறி மடிப்பாக மடிக்கும் காட்சியை நான் ஒருமுறை நேரில் பார்த்தேன். கயிறு இழுக்கும் போட்டி என்று எண்ணி, மாமியின் பக்கம் சேர்ந்துகொள்ள எனக்குக் கை துறுதுறுத்தது. மடித்ததைப் பாய்க்கு அடியில் வைத்து, மடிப்புப் பிசகாமல் இருப்பதற்காக இரவு முழுவதும் புரளாமல் மல்லாந்தே படுத்திருப்பார். மறுநாள் சபாவில், அதே மடிப்பைக் காப்பாற்றும் பொருட்டு, மூன்று மணி நேரமும் நாற்காலியில் முதுகு சாய்க்காமல் நிமிர்ந்து உட்காருவார். மேடையிலிருக்கும் வித்துவான் இதை ஈடுபாடு என்று எடுத்துக்கொண்டு அவரைப் பார்த்தே பாடுவதும், பின்வரிசைக்காரர் மேடை தெரியாமல் அவரைச் சபிப்பதும் ஏககாலத்தில் நிகழும்.

அவர் வீட்டுக் கூடத்துக்குள் முதன்முறையாக நுழைகிறவர்கள், சுவர் முழுவதும் வரிசையாக மாட்டியிருக்கும் கறுப்பு வெள்ளைப் பெரியவர்களைக் கண்டு, "உங்கள் வம்சமா?" என்று பக்தியோடு கேட்பார்கள். வம்சந்தான், ஒரு விதத்தில். அரியக்குடி இருக்கிறார், செம்பை, முசிறி, மகாராஜபுரம், மதுரை மணி, எல்லோரும் இருக்கிறார்கள். பெற்ற தகப்பனாரின் படம் மட்டும் பின்கட்டில், அரிசி டிரம்முக்கு மேலே. மனிதர் புஷ்கோட்டுப் போட்டுக்கொண்டு படம் எடுத்துக்கொண்டுவிட்டார். அந்தக் குற்றத்தைப் பிள்ளை இன்னும் மன்னிக்கவில்லை.

இந்தப் படங்களைத் தேடி அவர் போகாத பழைய காகிதக் கடை இல்லை. வீடு இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால், செங்கல் வாங்குகிறவனுக்கு முன்னால் அங்கே போய் நிற்பார். 1985-ஆம் வருஷம் மூர் மார்க்கெட் தீப்பிடித்து எரிந்துபோனதைப் பற்றிப் பேச்சு வந்தால், நெருங்கிய பந்து ஒருவரைப் பறிகொடுத்தவர்போலக் குரல் தழதழக்கும். அப்போது அவருக்கு வயது ஆறு.

படங்களைச் சேர்ப்பதோடு நின்றிருந்தால் பாதகமில்லை. அவற்றையே தர்மசாஸ்திரமாகக் கொண்டு, உடுப்பதற்கும் உட்காருவதற்கும் அவற்றிலிருந்தே பிரமாணம் காட்டத் தொடங்கியதில்தான் சங்கடங்கள் விளைந்தன. ஒரு படத்தில், பெயர் தெரியாத ஒரு வித்துவான் கழுத்துவரை பொத்தான் போட்ட அல்பாக்காக் கோட்டோடு நின்றிருந்தார். அதைத் தையற்காரரிடம் கொண்டுபோய், "நூலிழை பிசகாமல் இதைப்போல்" என்று உத்தரவிட்டார் நம் நண்பர். தையற்காரர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், இதிலே பொத்தான் லேடீஸ் பக்கம் இருக்குதே!" என்றார். "நீர் படத்தில் உள்ளபடி தைத்தால் போதும், அந்தக் காலத்து ஆசாரம் உமக்குத் தெரியாது" என்று அவர் வாய் அடைக்கப்பட்டது. கோட்டு தைத்தாயிற்று, படத்தில் கண்டபடி கைக்கடிகாரமும் வலது மணிக்கட்டுக்கு இடம் மாறிற்று. ஆறு மாதத்துக்குப் பிறகுதான், நெகட்டிவைத் தலைகீழாக அன்று, இடவலமாகத் திருப்பி வைத்துப் பிரிண்டு போட்ட யாரோ ஒரு ஸ்டூடியோப் பையனின் தூக்கக் கலக்கத்தையே தாம் இத்தனை நாளும் சம்பிரதாயமாக அநுஷ்டித்துவந்தது அவருக்குப் புலனாயிற்று.

பொட்டு விவகாரம் இதைவிட ரசமானது. பழைய படங்களில் வித்துவான்களின் நெற்றியில் பொட்டு கறுப்பாக இருப்பதைக் கவனித்த இவர், குங்குமம் பிற்காலத்து இடைச்செருகல் என்று முடிவு கட்டி, கறுப்புச் சாந்துப் பொட்டு இட்டுக்கொள்ளத் தொடங்கினார். இட்டுக்கொண்டதோடு நில்லாமல், கோவில் குருக்களிடமே வாதத்துக்குப் போனார். குழந்தைகளுக்குத் திருஷ்டி கழிக்க இடும் பொட்டு நெற்றியின் நடுவில் ஏன் வந்தது என்று அறியாத அண்டை வீட்டார், ஏதோ பெரிய கண்ணேறு என்று அநுதாபப்பட்டார்கள். கடைசியில் மயிலாப்பூரில் ஸ்டூடியோ வைத்திருந்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் விஷயத்தை உடைத்தார். அந்தக் காலத்துப் புகைப்படத் தகடுகள் பலவற்றுக்குச் சிவப்பு என்ற வர்ணமே உறைக்காது. சிவப்பு அவற்றில் கறுப்பாகவே விழும், நீலமோ வெளுத்துப்போகும். "அதனாலேதானே சார், நாங்கள் இருட்டறையிலே சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு தகடு கழுவினோம்? அதுக்கு அந்த வெளிச்சம் தெரியாது. பெரியவர் இட்டுக்கொண்டது நல்ல செக்கச்செவேல் குங்குமம்."

அன்று மாலை குங்குமம் திரும்பி வந்துவிட்டது. ஆனால், அதோடு ஒரு புதிய மனோவியாதியும் வந்தது. நீலம் வெளுப்பாக விழும் என்றால், இத்தனை காலமாக வெள்ளை என்று தாம் நம்பிய அங்கவஸ்திரங்களில் எத்தனை வெளிர் நீலமோ! ஒரு வாரம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று மாமி சொன்னாள்.

"ஓய்" என்றுதான் அவர் என்னை அழைப்பார். அதுவும் ஏதோ பழைய படத்துக்கு அடியில் எழுதியிருந்திருக்க வேண்டும். "ஓய், அரைக்கைச் சட்டையோடு தோடி கேட்க வருகிறீரே, சம்பிரதாயம் என்று ஒன்று உண்டு, தெரியுமோ?" என்று ஒருநாள் என்னைப் பிடித்துக்கொண்டார். நான் சுவரைச் சுட்டிக் காட்டினேன். அங்கே ராஜரத்தினம் பிள்ளை இருந்தார்: குடுமியை எடுத்துக் கிராப்பு வைத்துக்கொண்டு, ஷெர்வாணி அணிந்து மேடையேறி, ஒத்துக்குப் பதிலாகத் தம்புராவைச் சுருதிக்கு வைத்துக்கொண்டு, பழைமையில் ஊறிய பெரியவர்களை மூக்கில் விரல் வைக்கச் செய்த மகாவித்துவான். அவருக்குப் பக்கத்தில் ஜி. என். பாலசுப்பிரமணியம்: ஆங்கில இலக்கியம் படித்த பட்டதாரி, 1940-இல் வெளிவந்த சகுந்தலை படத்தில் எம். எஸ். சுப்புலட்சுமிக்கு இணையாகத் துஷ்யந்தனாகவே நடித்த சுந்தர புருஷர். சற்றுத் தள்ளி, ஹரிதாஸ் படம் சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டபோது தமிழ்நாட்டு வாலிபர்களில் பாதிப்பேரின் பிடரியில் தம் கிராப்பை முளைக்கவைத்த தியாகராஜ பாகவதர். குடுமியோடு சாந்தமாக வீற்றிருக்கும் அரியக்குடியோ, உருவத்தில்தான் சநாதனி. இன்று நாம் கச்சேரி சம்பிரதாயம் என்று கண்ணில் ஒற்றிக்கொள்கிற வரிசைமுறையை வகுத்து நிலைநிறுத்தியவர் என்று சொல்லப்படுபவரே அவர்தான். "இந்தச் சுவரில் இருப்பவர்களில் பாதிப்பேர் தங்கள் காலத்தில் ‘நாகரிகம் தலைக்கேறிவிட்டது' என்று பேச்சு வாங்கியவர்கள், உம்மைப்போல் ஒருவர் அன்றைக்கு இருந்திருந்தால் முதல் வரிசையில் உட்கார்ந்து முகத்தைச் சுளித்திருப்பார்" என்றேன். அவர் சிறிது நேரம் யோசித்தார். "சுளித்திருப்பேன், ஆனால் எழுந்து போயிருக்கமாட்டேன்" என்றார். அந்தப் பதிலுக்காக அவரை எனக்குப் பிடிக்கும்.

அவர் பாடுவது பற்றியும் சொல்லிவிட வேண்டும். முணுமுணுப்பாக எந்த ராகத்தை எடுத்தாலும் மூன்று நிமிஷத்துக்கெல்லாம், சஞ்சாரத்தின் நடுவிலேயே, திடீரென்று நிறுத்திவிடுவார். கேள்வி ஞானம் முழுவதும் கிராமபோன் பிளேட்டின் மூலம் வந்தது. ஒரு பக்கத்தில் அவ்வளவுதான் இருக்கும். தட்டைத் திருப்புவதற்கு வேண்டிய நேரம் மௌனமாக இருந்துவிட்டு மறுபடியும் ஆரம்பிப்பார். சாவி தீர்ந்துவரும் பெட்டியைப்போல முடிவில் சுருதி இறங்குவதும் உண்டு. 1902-இல் கல்கத்தாவில் பாடிப் பதிவு செய்த கௌஹர் ஜான் என்ற பாடகி, பாட்டு முடிந்ததும் தம் பெயரைத் தாமே உரக்கச் சொல்வார். தட்டுகள் ஜெர்மனிக்குப் போய் அச்சாகிவந்த காலம் அது. அங்கே இருப்பவர்கள் யார் பாடியது என்று தெரிந்துகொள்ள அது ஓர் ஏற்பாடு. இந்தச் செய்தியை எங்கேயோ படித்த நாளிலிருந்து, குளியலறையில் பாடி முடித்ததும் நம் நண்பரும் கம்பீரமாகத் தம் பெயரை அறிவிக்கிறார். "உள்ளே இருப்பது யார் என்று எனக்குத் தெரியாதா?" என்று மாமி வெளியிலிருந்து கேட்பாள்.

ஆனால், ஒரு மழைநாள் மாலையில் அந்தப் பெட்டியை அவர் எனக்காகப் பாடவைத்ததை நினைத்தால் இப்படியெல்லாம் கேலி செய்யச் சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது. உறையிலிருந்து தட்டை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் விளிம்பு மட்டும் படும்படி எடுத்து, மாமியின் பழைய பட்டுப்புடவைக் கிழிசலால் வட்டமாகத் துடைத்து, புது முள் மாற்றி, சாவியைக் கணக்காகச் சுற்றி, முள்ளை வைத்தார். முதலில் தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தாற்போல ஓர் இரைச்சல். அதற்குள்ளிருந்து ராஜரத்தினம் பிள்ளையின் தோடி எழுந்தது. அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். கண்கள் மூடியிருந்தன. சிறிது நேரத்தில் தோளிலிருந்த அங்கவஸ்திரம் நழுவி, மடிப்பெல்லாம் கலைந்து, தூசியில் விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை. விழுந்ததை அறிந்ததாகவே தெரியவில்லை.

போன வருஷம் தம்மையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளத் தீர்மானித்து, முழு அலங்காரத்தோடு கடைத்தெருவில் பாஸ்போர்ட் படம் எடுக்கும் கடைக்கு என்னையும் அழைத்துக்கொண்டு போனார். காமிராவின் பின்னால் நின்ற பையன், "கொஞ்சம் சிரிங்க சார்" என்று மன்றாடினான். இவர், அந்தக் காலத்தில் அசையாமல் உட்கார்ந்து அலுத்துப்போனவர்களின் முகத்தை மாபெரும் காம்பீரியம் என்று பாடம் பண்ணிவைத்திருப்பவர், உதட்டைக்கூட அசைக்கவில்லை. எடுத்து முடிந்ததும், "பழசு மாதிரி வேண்டும், அப்பா" என்றார். பையன் கம்ப்யூட்டரை நோக்கிக் குனிந்து, "எத்தனை வருஷம் பழசாக்கணும் சார்?" என்று கேட்டான், காப்பிக்கு எத்தனை கரண்டிச் சர்க்கரை என்று கேட்கிற தோரணையில். "எழுபது." பையன் எதையோ ஒரு விரலால் நகர்த்தினான், எழுபது வருஷம் கழிந்தது. பழுப்பேறிய அந்தப் படம் இப்போது தேக்குச் சட்டத்துக்குள் முசிறிக்கும் மகாராஜபுரத்துக்கும் நடுவில் வீற்றிருக்கிறது.

சங்கீத ஆராய்ச்சி செய்யும் மாணவி ஒருத்தி, சுவர்ப் படங்களைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்தவள், ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டே போய் இந்தப் படத்தின் முன் நின்று, "இவர் எந்தப் பாணி?" என்று கேட்டாளாம். எதிரிலேயே நின்றுகொண்டிருந்த நம் நண்பருக்கு, கால்சட்டையில் இருந்தபடியால், பதில் சொல்ல நா எழவில்லை. சமையலறையிலிருந்து மாமிதான் குரல் கொடுத்தாள்: "கேட்கிற பாணி, குழந்தே!"

சென்ற வாரம் இரவு பத்து மணிக்கு மேல் டெலிபோன் மணி அடித்தது. வீட்டில் யாருக்கேனும் உடம்பு சரியில்லையோ என்று பதறிக்கொண்டு எடுத்தேன். மறுமுனையில், பேரப்பிள்ளை பிறந்த செய்தியைச் சொல்கிறவரின் மூச்சுத் திணறலோடு அவர் குரல் கேட்டது. "ஓய், வந்துவிட்டது!"

"என்ன வந்துவிட்டது?"

"என் படத்திலே, ஓய்! இராமபாணப் பூச்சி! கீழ்க்கோடியிலே அரை அங்குலம் அரித்திருக்கிறது!"

அந்துருண்டை வாங்கி வைக்கும்படி சொன்னேன். "நன்றாயிருக்கிறது உம்முடைய யோசனை!" என்று கோபமாகச் சொல்லி டெலிபோனை வைத்துவிட்டார்.