வித்துட்டேனே மாமா

புதிதாக எது வாங்கினாலும் மாமாவின் கண்ணில் படாமல் வீட்டுக்குள் கொண்டுபோய்விட வேண்டும். பட்டுவிட்டால் தீர்ந்தது. பைக் என்றால் அவர் விற்ற ராஜ்தூத் வரும். கைக்கடிகாரம் என்றால் அவர் விற்ற எச்.எம்.டி. வரும். துக்க வீட்டிலாவது சும்மா இருப்பாரா என்றால், போன மாதம் பெட்டியின் விளிம்பை விரலால் சுண்டிப் பார்த்துவிட்டு என் காதில், “பர்மா தேக்குல ஒரு அலமாரி இருந்துச்சு மருமவனே. முந்நூறு ரூவாய்க்குத் தூக்கிக் குடுத்தேன்” என்றார். செபமாலை மூன்றாம் பத்துக்கு வந்திருந்தது.

எல்லா ஊரிலும் இவர் இருக்கிறார். எங்கள் கடற்கரை ஊரான ஆலந்தலையில் இருப்பவருக்கு ஒரு வசதி கூடுதல். கணக்குப் போட எந்நேரமும் காலடியில் மணல்.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். கரையில் ஏற்றிவைத்த வள்ளத்தின் நிழலில் உட்காருவார். உள்ளங்கையால் மணலைத் தடவிச் சமப்படுத்துவார். ஓர் ஈர்க்கை ஒடித்து, இடது பக்கம் விற்ற வருசம், அதற்குப் பக்கத்தில் விற்ற விலை, அடியில் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே எழுதப்போவது இன்றைய விலை. எழுதுமுன் நம் முகத்தை ஒரு தடவை ஏறிட்டுப் பார்ப்பார். அந்த விலை முகத்தைப் பார்த்துத்தான் நிர்ணயமாகிறது என்று புரிய எனக்கு நெடுநாள் பிடித்தது. கேட்கிறவர் கடலுக்குப் போகிறவர் என்றால் சங்கு அஞ்சு லட்சம். திருச்செந்தூர் பேங்க்கில் வேலை என்றால் இருபது. சென்னையிலிருந்து வந்து கூலிங் கிளாஸைக் கழற்றாமல் கேட்டால் ஒரு கோடி.

சங்கு என்றது வலம்புரியைத்தான். நம் கடலில் எடுக்கிற சங்கெல்லாம் இடம்புரி. அறுத்து வளையலாகி வங்காளத்துப் பெண்களின் கைக்குப் போகும். லட்சக்கணக்கில் ஒன்று திரும்பிச் சுற்றியிருக்கும். அப்படி ஒன்று மாமாவின் கைக்கு வந்தது உண்மை. பூசை அறையில் வைக்க ஆசைப்பட்ட ஒரு வியாபாரிக்கு எட்டாயிரத்துக்குக் கொடுத்ததும் உண்மை. அதை வைத்து வீட்டுக்குச் சிமெண்ட் தளம் போட்டார். அந்தத் தளத்தில்தான் இன்றைக்கும் படுத்துத் தூங்குகிறார். தளத்துக்கு இன்றைய விலை என்ன என்று ஒரு நாளும் போட்டுப் பார்த்ததில்லை.

கணக்கு இருபது லட்சத்தோடு நின்றால் யாரும் வருத்தப்படமாட்டோம். அதைப் பேங்க்கில் போடுவார். வட்டியில் விசைப்படகு வாங்குவார். படகு ஒரு நாளும் வெறுங்கையோடு திரும்பாது. ஒரு தடவை கூறல் மீன் கிடைத்து, அதன் காற்றுப்பையான நெட்டி மட்டுமே லட்சத்துக்கு மேல் போகும். அந்தப் பணத்தில் குலசேகரன்பட்டினத்துப் பக்கம் பனங்காடு வாங்குவார். ஏன் அங்கே என்கிறீர்களா? 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டிய இஸ்ரோவின் ஏவுதளம் அங்கேதானே வருகிறது. 2,000 ஏக்கருக்கு மேல் நிலம் எடுத்தார்கள். அதில் மாமாவின் நிலமும் போய் இழப்பீடு வரும். ராக்கெட் கிளம்பும் கட்டத்தில் அவர் குரல் கம்மும். எட்டாயிரத்தில் தொடங்கிய மனிதர் இப்போது எத்தனையோ கோடிக்கு ஏழை.

இதில் நான் ஒரே ஒரு சந்தேகம் கேட்டேன். சங்கு கிடைத்த அன்று படகில் ஐந்து பேர் போயிருந்தீர்களே, படகுக்குப் பங்கு, எஞ்சினுக்குப் பங்கு, மேலே காற்றுக்குழாய் பிடித்தவருக்குப் பங்கு எல்லாம் போக உங்களுக்கு எவ்வளவு என்று. ஈர்க்கைக் கீழே போட்டுவிட்டார். “நல்ல காரியம் பேசிட்டு இருக்கும்போது பங்கைப் பத்திப் பேசாதலே.”

விற்றது போதாதென்று பிறந்த வருசத்து இழப்பையும் சேர்த்துக்கொள்வார். மன்னார் வளைகுடாவில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961இல். மாமா அப்போது தொட்டிலில். குளித்தவர்கள் தங்கள் பங்குச் சிப்பியைத் திறந்து பார்க்காமலே கரையில் விற்றுவிடுவது அந்தக் காலத்து வழக்கம். அவருடைய அப்பாவும் அப்படித்தான் விற்றார். திறந்து பார்த்திருந்தால் உள்ளே ஒன்றும் இல்லை என்று முடிந்திருக்கும். திறக்காமல் விற்றதால் அறுபது வருசமாக அதற்குள் முத்து வளர்ந்துகொண்டே இருக்கிறது. புறாமுட்டை அளவில் இருந்தது, என் கல்யாணச் சமயத்தில் கோழிமுட்டைக்கு வந்தது.

வாங்காமல் விட்டவை தனிப் பேரேடு. அதில் முதலிடம் ஒரு துப்பாக்கிக்கு. மேற்கே மலைப்பக்கத்திலிருந்து வந்த ஓர் ஆள், ஏதோ ஜமீன் வீட்டுச் சாமான் என்று காட்டினானாம். லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லர் கையில் பார்த்திருப்பீர்களே, விசையைச் சுற்றி வளையம் வைத்த வின்செஸ்டர், அந்த ரகம். வளையத்தைக் கீழே தள்ளினால் காலித் தோட்டா வெளியே தெறிக்கும். மேலே இழுத்தால் புதுத் தோட்டா உள்ளே போகும். மாமா அதைக் கையால் செய்து காட்டுவார், வாயால் சத்தமும் கொடுப்பார். “நாலாயிரம்னான். நான் மூணுல நின்னேன். போய்ட்டான் மருமவனே.”

அமெரிக்காவிலும் இவருக்குச் சகோதரர்கள் உண்டு. 1894ஆம் வருச மாடல் வின்செஸ்டர் 70 லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளிய சாமான். கிடைக்காத பொருளே அல்ல. ஆனால் 1964இல் செலவைக் குறைக்கச் செய்முறையை மாற்றினார்கள். அதனால் அதற்கு முன்னால் செய்தவைக்கு மவுசு ஏறிப்போய், மகனின் காலேஜ் ஃபீஸுக்காக விற்றவர்கள் இன்றைக்கும் அதைச் சொல்லிப் புலம்புகிறார்கள். படித்து முடித்த மகன் எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பான்.

மாமா அதை வாங்கியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். 1959ஆம் வருச ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும். ஒவ்வொரு தேர்தலுக்கும் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைத்து, முடிந்ததும் போய் வாங்கி வரவேண்டும். காட்டுக்குக் கொண்டுபோய் வேட்டையாடலாம் என்றால் 1972இலேயே சட்டம் வந்தாயிற்று. லைசென்ஸ் இல்லாமல் மச்சில் ஒளித்து வைத்திருந்தால் மாமாவை நாங்கள் ஜெயிலில்தான் போய்ப் பார்த்திருப்போம். இவ்வளவையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இன்னைக்கு ரேட்டுக்கு என்ன போவும்னு பாரு” என்றார்.

ஒரு தடவை மட்டும் பேச்சோடு நிற்கவில்லை. போன வலம்புரிக்கு ஆறுதலாக இன்னொன்று வாங்கியே தீருவது என்று கிளம்பிவிட்டார். கையில் பணம் இல்லை. என்னிடம் ஐயாயிரம் வாங்கிக்கொண்டு போய், ஒரு கடையில் மஞ்சள் துணியில் சுற்றி வாங்கி வந்தார். வெள்ளையும் பழுப்புமாக, வரிவரியாக நன்றாகத்தான் இருந்தது. சங்கு குளிக்கிற பையன் ஒருவன் வாய்க்குள் விரலை விட்டுத் தடவினான். அசல் சங்கென்றால் உள்தண்டில் மூன்று நான்கு மடிப்பு விரலில் தட்டும். இது வழவழவென்று இருந்தது. அமெரிக்கக் கடலில் ஒரு நத்தை உண்டு. அதன் ஓடு பிறவியிலேயே வலம்புரி சுற்றுகிற பக்கமாகத்தான் சுற்றும். அங்கே மலிவாகக் கிடைக்கிற அதை இங்கே வலம்புரி என்று விற்கிறார்கள். வின்செஸ்டர் வராத வீட்டுக்கு அதன் ஊர்க்கார நத்தை வந்து சேர்ந்தது.

அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஐயாயிரத்தை நான் கேட்கவில்லை. ஆறேழு வருசம் கழித்துக் கேட்டபோது, “அஞ்சாயிரம்தானே, தந்துருவேன்” என்றார். அஞ்சாயிரம்தானாம்! அவருக்கு வரவேண்டியதெல்லாம் இன்றைய ரேட், அவர் தரவேண்டியதெல்லாம் அன்றைய ரேட். ஈர்க்கும் கிடையாது, கோடும் கிடையாது.

என் பணத்தை விடுங்கள். அத்தைக்குக் கல்யாணத்தில் போட்ட ரெட்டை வடச் சங்கிலி ஒன்று இருந்தது. 1990களில், பவுன் நாலாயிரத்துக்குக் கீழே கிடந்த காலத்தில், மாமா எஞ்சின் வாங்குவதற்காக அது போயிற்று. எஞ்சின் துருப்பிடித்துப் பழைய இரும்புக்கும் போயாயிற்று. பவுன் என்ன விலை விற்கிறது என்று நான் சொல்லி உங்களுக்குத் தெரியவேண்டியதில்லை. ராஜ்தூத்துக்கும் தேக்கு அலமாரிக்கும், தான் பார்த்தே இராத சிப்பிக்கும் மணல் சமப்படுத்துகிறவர், நிஜமாகவே விலை ஏறிய அந்த ஒரே ஒரு சாமானை இதுவரை எழுதியதே இல்லை. ஒரு நாள் எடுத்துச் சொன்னேன். “அது வீட்டுச் செலவுல்லா மருமவனே” என்றார். அத்தை அப்போது வாசலில் நெத்திலிக் கருவாட்டைக் கிளறிப்போட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கருவாட்டை விற்ற காசில்தான் இவருடைய வெற்றிலையும் டீயும் நடக்கிறது. காதில் விழாமல் இருந்திருக்காது.

மாமாவிடம் நேரில் சொல்ல முடியாததால் இங்கே எழுதுகிறேன். அடுத்த தடவை ஈர்க்கை ஒடித்ததும் முதல் வரியில் அந்தச் சங்கிலியை எழுதுங்கள். எத்தனை பவுன் என்று அத்தை சொல்வாள், மறந்திருக்கமாட்டாள். அதற்குக் கீழே என் ஐயாயிரத்தையும் போட்டுவிட்டால் போதும். வட்டி வேண்டாம்.