ஒயரிங் மட்டும்தான் பாக்கி

பழைய சி.என்.சி. லேத் ஒன்று ஏலத்துக்கு வந்தால், அதைக் கேட்க இரண்டு வகை ஆட்கள் வருவார்கள். ஒருவர் பழைய இரும்பு வியாபாரி. என்ன மேக், என்ன மாடல் என்பதெல்லாம் அவருக்குத் தேவையில்லை. மூன்று டன்னா, மூன்றரை டன்னா, உள்ளே செம்பு எவ்வளவு தேறும், அவ்வளவுதான். மற்றவர் கையில் டயல் கேஜும் டார்ச்சும் வைத்துக்கொண்டு மெஷினுக்குள் பாதி உடம்பை விட்டிருப்பார். சக்கைக் கையால் சுற்றிவிட்டுக் காது கொடுத்துக் கேட்பார். பெட்டை விரலால் தடவுவார். வெளியே வந்ததும், "ஒரு கீறல் இல்லைங்க" என்று பக்கத்தில் நிற்பவரிடம் சொல்லிக் கண் கலங்குவார். பக்கத்தில் நிற்பவர் அந்த இரும்பு வியாபாரிதான். அவர் உடனே விலையைக் கொஞ்சம் ஏற்றிக் கேட்பார். நம்மவர் அதற்கும் மேலே கேட்டு வாங்கிக்கொண்டு போவார்.

கோயம்புத்தூரில் கணபதி, பீளமேடு, குறிச்சிப் பக்கம் இவரைப் பார்க்கலாம். வீட்டோடு சேர்த்துப் பட்டறை வைப்பது அந்த ஊருக்குப் புதிதல்ல. ஆனால் பட்டறைக்காரர் வேறு, இவர் வேறு. பட்டறைக்காரர் பாங்க் லோன் போட்டுப் புது மெஷின் இறக்கி, மறுநாளே ஜாப் ஓட்ட ஆரம்பித்துவிடுவார். இவருக்கு ஜாப்பே கிடையாது. மில்லிலோ பம்ப் கம்பெனியிலோ மெயின்டனன்ஸில் இருந்து ஓய்வு பெற்றவர். 'ஷிப்ட் முடியறதுக்குள்ள ஓடணும்' என்று தலைமேல் நின்றவர்களுக்கு நடுவே காலமெல்லாம் மெஷின்களைப் பழுது பார்த்தவர். ஓடாவிட்டாலும் யாரும் கேட்க முடியாத மெஷின் ஒன்று தனக்கென்று வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

இவரைக் கேலி செய்கிறவர்கள் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பழைய சி.என்.சி. லேத்தில் முதலில் சாவது பெரும்பாலும் இரும்பு இல்லை. நல்ல வார்ப்பிரும்பில் செய்து, கடினப்படுத்தி, கிரைண்டிங் பிடித்த பெட் முப்பது வருடம் கழித்தும் நேராகவே இருக்கும். பால் ஸ்க்ரூவும் பேரிங்கும் தேய்ந்தால் மாற்றலாம். மெஷினின் மூளையான கன்ட்ரோலுக்குத்தான் ஆயுள் குறைவு. 1980களின் தொடக்கத்தில் உலகமெங்கும் ஓடிய ஃபானக் சிஸ்டம் 6 கன்ட்ரோலில் நினைவகமாக இருந்தது பபுள் மெமரி. அந்தச் சரக்கையே இன்று யாரும் செய்வதில்லை. பின்னால் வந்த பல கன்ட்ரோல்கள் தங்கள் பாராமீட்டர்களை ஒரு பேட்டரியின் தயவில் காப்பாற்றி வைத்திருந்தன. மெஷினில் கரண்ட் இருக்கும்போதேதான் அந்த பேட்டரியை மாற்ற வேண்டும். பாதுகாப்பு வகுப்பில் ஒழுங்காகப் பாடம் கேட்ட ஒரு நல்ல பையன் மெயினை அணைத்துவிட்டு மாற்றினால், எக்ஸ் ஆக்சிஸ் எவ்வளவு தூரம் போகலாம், இசட் ஆக்சிஸ் எவ்வளவு வேகம் போகலாம், டர்ரெட்டில் எத்தனை டூல் என்று மெஷினுக்கு அத்தனையும் மறந்துபோகும். அந்தப் பட்டியலின் நகல் கம்பெனியில் இருக்க வேண்டும். இருக்காது. இப்படி நினைவு போன மெஷின்கள்தான் ஏலத்துக்கு வருகின்றன.

வீட்டுக்கு வருவது அடுத்த கட்டம். வாசலில் ஹைட்ரா கிரேன் வந்து நிற்கும்போதுதான் வீட்டாருக்கு விஷயம் தெரியும். முதல் நாள் காம்பவுண்டுச் சுவரில் ஒரு பக்கத்தை இடித்தது 'மழைத்தண்ணி போகறதுக்கு' என்று சொல்லப்பட்டிருந்தது. கார் ஷெட்டில் மெஷின் ஏறும். கார் வெளியே வேப்ப மரத்தடிக்குப் போகும். அதன் மிச்ச வாழ்க்கை அங்கேதான்.

"ஏனுங்க, இது எத்தனை நாளைக்குங்க இங்க?"

"மெக்கானிக்கல் எல்லாம் ஜம்முனு இருக்குது அம்மிணி. ஒயரிங் மட்டும்தான் பாக்கி."

இந்த வாக்கியத்தை அவர் அந்த வருடம் சொல்வார். அடுத்த வருடமும் சொல்வார். பேத்தி பிறந்து பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகும் சொல்வார். ஒவ்வொரு முறையும் அதை அவர் முழு மனதோடு நம்பித்தான் சொல்கிறார் என்பதைப் பதிவு செய்ய வேண்டும்.

புது கன்ட்ரோல் போடுவதற்காகப் பழைய பேனலைக் காலி செய்வதில் அவர் காட்டும் வேகத்தைப் பார்த்தால் மெஷின் மாதக் கடைசியில் ஓடிவிடும் என்று யாரும் நினைப்பார்கள். கான்டாக்டர், ரிலே, டிரான்ஸ்பார்மர், சாக்குச் சாக்காக ஒயர், எல்லாம் உருவப்பட்டு வெளியே வரும். எந்த ஒயர் எங்கிருந்து எங்கே போனது என்று சீட்டுக் கட்டவில்லை என்பது பிறகுதான் தெரியும். கழற்றிய சர்க்யூட் போர்டுகளை மட்டும் எறிய மாட்டார். "ஒரிஜினல் ஃபானக்குங்க. இதைத் தேடறவங்க இன்னும் இருக்காங்க" என்பார். அதுவும் பொய்யில்லை, பழைய மெஷினை அப்படியே ஓட்டிக்கொண்டிருக்கும் கம்பெனிகள் அந்த போர்டுகளுக்கு அலைகின்றன. ஆகவே அவை பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் இடம்பிடிக்கும். போர்டைத் தேடுகிறவரும் வரமாட்டார், புடவை கட்டும் கல்யாணமும் தள்ளிப்போகும்.

புதிதாக எந்த கன்ட்ரோல் போடுவது என்பதில் இவருடைய கூட்டாளிகளுக்குள் மூன்று கட்சி உண்டு. சீமென்ஸ் 808டி மாதிரி ரெடிமேடாக வரும் கன்ட்ரோலை, அதற்குப் பொருத்தமான சர்வோ மோட்டார்களோடு வாங்கி மாட்டிவிட்டு வேலையைப் பார் என்பது முதல் கட்சி. அதில் செலவு அதிகம், சிக்கல் குறைவு. சிக்கல் குறைவாக இருப்பதால் நம்மவருக்கு அதில் ருசி இல்லை. சீனத்து கன்ட்ரோல் போதும் என்பது இரண்டாவது கட்சி. மூன்றாவது, லினக்ஸ் சி.என்.சி. நம்மவர் அதில் ஆயுட்கால உறுப்பினர். காரணம் கேட்டால், "ஃப்ரீங்க" என்பார்.

ஃப்ரீ என்பது உண்மை. அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட், 1990களில் தன் ஆராய்ச்சிக்காக ஒரு கன்ட்ரோல் மென்பொருளை எழுதியது. அதற்கு ஈ.எம்.சி. என்று பெயர். அரசாங்க வேலை என்பதால் அது பொதுச் சொத்தானது. ஆர்வலர்கள் எடுத்து வளர்த்தார்கள். பிறகு அதே பெயர் கொண்ட ஒரு பெரிய டேட்டா சேமிப்புக் கம்பெனி ஆட்சேபம் சொல்ல, 2011இல் பெயரை லினக்ஸ் சி.என்.சி. என்று மாற்றிக்கொண்டார்கள். இந்த வரலாற்றைப் பெண் பார்க்க வந்தவர்களிடமும் அவர் சொல்லியிருக்கிறார். மென்பொருள் இலவசம் என்பதால் மிச்சமான காசில் கலிபோர்னியாவில் இருந்து மீசா 7ஐ77 என்ற கார்டை வரவழைப்பார். பழைய டி.சி. சர்வோ டிரைவ்களுக்கு வேண்டிய பிளஸ் மைனஸ் 10 வோல்ட் சிக்னலை ஆறு ஆக்சிஸுக்குத் தரக்கூடிய கார்டு அது. லேத்துக்கு வேண்டியது எக்ஸ், இசட் என்று இரண்டுதான், ஸ்பிண்டிலைச் சேர்த்தால் மூன்று. மீதி எதற்கு என்று கேட்டால் அவர் முகத்தில் ஒரு வெட்கம் தெரியும். அடுத்த மெஷினைப் பற்றி ஏற்கெனவே யோசித்திருக்கிறார்.

அடுத்து கம்ப்யூட்டர். இதற்கு வேகம் முக்கியமில்லை, நேரந்தவறாமைதான் முக்கியம். ஒரு மில்லி செகண்டுக்கு ஒரு முறை மெஷின் எங்கே நிற்கிறது என்று பார்த்து, எங்கே போக வேண்டும் என்று சொல்ல வேண்டும். ஒரு முறையும் தூங்கிவிடக் கூடாது. பையன் விலை கொடுத்து வாங்கிய லேப்டாப், கரண்டை மிச்சப்படுத்துகிறேன் என்று அவ்வப்போது கண்ணயரும். அது இந்தப் பரீட்சையில் தோற்று, ஏதோ ஆபீஸில் கழித்துக்கட்டிய பழைய டெல் பெட்டி ஜெயிக்கும். அதனால் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் பாக்கெட்டில் ஒரு பென் டிரைவ் இருக்கும். அங்கே மூலையில் பழைய கம்ப்யூட்டர் கிடந்தால், சாப்பாட்டுக்கு முன்னால் அதில் லேட்டன்சி டெஸ்ட் ஓட்டிப் பார்ப்பார். கம்ப்யூட்டருக்குப் பாரம் ஏற்றுவதற்காகத் திரையில் பல்சக்கரங்கள் சுற்றும் ஒரு சின்ன புரோகிராமை இரண்டு மூன்று தடவை திறந்து வைப்பார்கள். அதைப் பார்த்த அவர் வீட்டு அம்மாள், மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டது என்று நம்பி அக்கம்பக்கத்துக்குச் சொல்லிவிட்டதும் உண்டு.

யாராவது, "புதுசே வாங்கியிருக்கலாமே" என்று சொல்லிவிட்டால் போச்சு. 1952இல் அமெரிக்காவில் எம்.ஐ.டி. ஆய்வகம் உலகுக்குக் காட்டிய முதல் எண் கட்டுப்பாட்டு மெஷினே ரெட்ரோஃபிட்தான், அதாவது பழைய மெஷினில் புது கன்ட்ரோல் பூட்டியதுதான் என்று ஆரம்பிப்பார். ஏற்கெனவே இருந்த ஒரு சின்சினாட்டி மில்லிங் மெஷினை எடுத்து, பழைய அமைப்பைக் கழற்றிவிட்டு, நூற்றுக்கணக்கான வால்வுகளும் ரிலேக்களும் கொண்ட கன்ட்ரோலைப் பூட்டினார்கள். சொந்த ஊர் சாட்சியாக ஜி.டி. நாயுடுவும் வருவார்: இளமையில் ஒரு வெள்ளைக்காரரிடம் ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கி, பிரித்துப் போட்டுப் பூட்டியவர். "நாயுடு பூட்டி முடிச்சுட்டாருங்க" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வரும். பேச்சு அதோடு மாறும்.

மீட்டர் ரீடிங் எடுக்க வருகிறவருக்கும் இவருக்கும் ஒரு வழக்கு நடக்கும். வீட்டு இணைப்பில் தொழில் நடத்தக் கூடாதே என்பார் அவர். "தொழில் எங்கீங்க நடக்குது? இன்னும் ஒரு ஜாப் ஓடலையே" என்பார் இவர். மறுக்க முடியாத வாதம். அரசு வீட்டுக்கு இலவசமாகத் தரும் யூனிட்டெல்லாம், எதையும் கடையாத அந்த லேத்தின் ஹைட்ராலிக் மோட்டாருக்கும் கூலண்ட் பம்புக்கும் சோதனை ஓட்டத்திலேயே போய்விடும்.

பிறகு ஒரு நாள் ஆக்சிஸ் முதன்முதலாக அசையும். அசைந்த நிமிடம் அது ஓடவும் செய்யும், முழு வேகத்தில், ஒரு கோடி வரைக்கும். மெஷின் எங்கே நிற்கிறது என்று சொல்லும் என்கோடரின் இரண்டு ஒயர் மாறியிருந்தாலோ, செட்டிங்கில் ஒரு மைனஸ் குறி விடுபட்டிருந்தாலோ, முன்னால் போய்விட்ட மெஷினைப் பின்னுக்கு இழுக்க வேண்டிய கன்ட்ரோல் இன்னும் முன்னால் தள்ளும். எமர்ஜென்சி பட்டனை அவர் பாய்ந்து அடிப்பதைத் தெருவே பார்க்கும். சரிசெய்த பிறகு டியூனிங். மோட்டார் எவ்வளவு முறுக்காகப் பதில் சொல்ல வேண்டும் என்று தீர்மானிக்கும் பி.ஐ.டி. மதிப்புகளைக் கூட்டிக் கூட்டிக் கொண்டுபோனால் ஒரு கட்டத்தில் சர்வோ மோட்டார் நின்ற இடத்திலேயே, நாதஸ்வரத்துக்கு ஒத்து ஊதுகிற மாதிரி, ஒரே சுருதியில் முனக ஆரம்பிக்கும். கொஞ்சம் இறக்கினால் முனகல் நிற்கும். ஆனால் சொன்ன இடத்துக்கும் போன இடத்துக்கும் இடைவெளி அளவு மீறி, 'ஃபாலோயிங் எர்ரர்' என்று மெஷின் நின்றுவிடும். வீட்டிலும் இந்தச் சொல் புழங்கத் தொடங்கும். நாலு மணி காபி நாலேகாலுக்கு வந்தால், "ஃபாலோயிங் எர்ரர் அம்மிணி" என்பார்.

"ரெண்டு வருசமா ஒயரிங் பாக்கீன்னு சொல்றீங்களே, அது என்ன எர்ரருங்க?"

ஸ்பிண்டில் டிரைவை ஆன் செய்தால் வேறு கூத்து. டிரைவ் கிளப்பும் மின் இரைச்சல் என்கோடர் ஒயரில் புகுந்து, இல்லாத பல்ஸ்களை எண்ண வைக்கும். பத்து முறை போய்வந்தால் எக்ஸ் சில மைக்ரான் தள்ளி நிற்கும். ஷீல்டு ஒயர் மாற்றுவார், டிரைவையும் என்கோடரையும் தனித்தனிப் பாதையில் கொண்டுபோவார். கடைசியில் தோட்டத்தில் குழி வெட்டி, கரியும் உப்பும் கொட்டிப் புது எர்த் போடுவார். அன்றைக்கு ரசத்துக்கு உப்பு பக்கத்து வீட்டிலிருந்து வரும்.

இவ்வளவையும் தாண்டியவரையும் டர்ரெட் கவிழ்க்கும். எட்டு டூல் பிடிக்கும் அந்தத் தலை லாக் விட வேண்டும், சுற்ற வேண்டும், எத்தனையாவது டூல் என்று சென்சார் சொல்ல வேண்டும், சரியான நொடியில் நிற்க வேண்டும், மறுபடி லாக் ஆக வேண்டும். எந்த சென்சார் எந்தக் குறியீட்டைத் தருகிறது என்பது பழைய மெஷினின் மின் வரைபடத்தில் இருந்தது. வரைபடம் பேனல் கதவின் உட்பக்கப் பையில் இருந்தது. அந்தப் பை, மெஷின் கம்பெனியை விட்டுக் கிளம்பும் முன்பே பழைய பேப்பரோடு போய்விட்டது. ஆகவே மல்டிமீட்டரோடு உட்கார்ந்து, டர்ரெட்டைக் கையால் ஒவ்வொரு நிலைக்கும் தள்ளி, நோட்டில் ஒன்றும் பூஜ்யமுமாக எழுதுவார். அந்த நோட்டின் முன்பக்கத்தில் பால் கணக்கு இருக்கும்.

எல்லாம் சேர்ந்த பிறகுதான் மரை. ஸ்பிண்டில் ஒரு சுற்று சுற்றும்போது இசட் சரியாக ஒரு பிட்ச் நகர வேண்டும். ஒவ்வொரு பாஸிலும் டூல் அதே இடத்தில் நுழைய வேண்டும். ஸ்பிண்டிலில் பூட்டிய என்கோடர் சுற்றுக்கு ஒரு முறை தரும் அடையாள பல்ஸை வைத்து ஜி76 சைக்கிள் இதைச் செய்கிறது. முதல் மரை விழுந்து, நட்டு கையாலேயே ஏறிவிட்ட அன்று அவர் வீட்டில் பாயசம். இதில் பகடி செய்ய ஒன்றுமில்லை. செத்துப்போனது என்று கைவிட்ட மூன்று டன் இரும்பை ஒரு மனிதர் கார் ஷெட்டில் வைத்து உயிர்ப்பித்திருக்கிறார், புது மெஷின் விலையில் ஒரு சிறு பங்கில். அவருடைய உழைப்புக்குக் கூலி போடாத வரைக்கும் அந்தக் கணக்கு சரி.

மெஷின் ஓடியதும் கடைந்து தருவதாக எதிர் வீட்டுக்காரருக்கு ஒரு பம்ப் புஷ் வாக்குக் கொடுத்திருந்தார். எதிர் வீட்டுக்காரர் அதை எப்போதோ முனைக் கடை லேத்தில் கடைந்து மாட்டி, அதுவும் தேய்ந்து, இப்போது பம்பையே மாற்றிவிட்டார். நம்மவருக்கு வருத்தமில்லை. நாலைந்து நாள் வருகிறவர்களுக்கெல்லாம் பித்தளையில் பம்பரம் கடைந்து கொடுப்பார். அப்புறம் மெஷின் மேல் தார்ப்பாய் ஏறும். குறிச்சி சிட்கோவில் ஒரு பழைய மில்லிங் சென்டர் ஏலத்துக்கு வருவதாகக் கேள்வி. கார்டில் இன்னும் மூன்று ஆக்சிஸ் சும்மாதான் கிடக்கிறது.

ஆகவே, பழைய மெஷினை விற்கப் போகிற கம்பெனிக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். பேட்டரியைக் கரண்ட் இருக்கும்போதே மாற்றுங்கள். பாராமீட்டர் பட்டியலை ஒரு தாளில் எடுத்து வையுங்கள். மெஷினை நம்மவருக்குத் தள்ளிவிடும்போது, பேனல் கதவில் இருக்கும் வரைபடத்தையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். அவர் வாங்கிக்கொண்டு போய்விடுவார், நன்றி சொல்ல அவருக்கு நேரம் இருக்காது. அவர் வீட்டு அம்மாள் சொல்வார்.