ஒரகடத்துத் தாளம்

மின்னணு நடன இசைக்காரர்களைத் திருடர்கள் என்று ஏசுவோர், ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி ஒரகடம் வரை ஒருமுறை வந்து போகலாம். அங்கு அப்போதிருந்த ரெனோ-நிசான் கூட்டு ஆலையில் 2012இல் ரெனோவின் டஸ்டர் காரின் இந்தியப் பதிப்பு பிறந்தது. 2013இல் அதே வண்டி முகத்தைச் சற்றே திருத்திக்கொண்டு நிசானின் டெரானோ ஆனது. சுயத்தன்மை எங்கே என்று யாரும் கேட்கவில்லை. தவணை எத்தனை மாதம் என்றுதான் கேட்டார்கள். அப்படியிருக்க, சாம்பிள் தொகுப்பிலிருந்து தாளத்தை உருவி, முகம் தெரியாத ஒருவர் கோத்த மெட்டை விலைக்கு வாங்கி, மேலே தன் பெயரை ஒட்டும் டிஜேயை மட்டும் பழிப்பது என்ன நியாயம்? மேடையில் அவர் இரு கைகளையும் உயர்த்துகிறாரே, அது முழுக்கச் சொந்தச் சரக்கு.

உதிரிபாகம் தருபவருக்கு ஆலை பணம் கொடுக்கிறதே என்று சிலர் மடக்கலாம். இசைத்துறை முந்தியிருப்பதே அந்த இடத்தில்தான். 1969இல் வின்ஸ்டன்ஸ் குழுவின் 'ஆமென், பிரதர்' பாடலில் கிரெகரி கோல்மன் சில விநாடிகள் டிரம்ஸ் வாசித்தார். அந்தத் துண்டு பிறகு ஆயிரக்கணக்கான பாடல்களில் ஓடியது. ராயல்டியாக ஒரு காசும் பார்க்காமல் 2006இல் அவர் இறந்தார். ஒரகடத்து மேலாளர்களே, சப்ளையருக்குப் பணம் தராமல் வண்டி கட்டும் வித்தையை இனியாவது இசையிடம் கற்றுக்கொள்ளுங்கள்!