நமக்குள்ள எதுக்கு சார் பேப்பர்?

சிறுகதைத் தொகுப்பு போட வேண்டும் என்று பதிப்பாளரிடம் போனால் அவர் கதையைப் பற்றிக் கேட்பதில்லை. எங்கே வேலை பார்க்கிறீர்கள் என்றுதான் கேட்கிறார். வங்கி, மின்வாரியம், அரசுப் பள்ளி என்று பதில் வந்தால் காபி வரும். நிரந்தர வேலை இல்லை என்றால், "சிறுகதை இப்பல்லாம் போறதில்ல சார், நாவல் இருந்தா கொண்டாங்க." காபி கிடைத்தவர் பாடுதான் கஷ்டம். தாள் விலை, அட்டை, லேமினேஷன் என்று சுற்றி வளைத்துப் பேச்சு ‘ஒரு சின்ன பங்களிப்பு’ என்ற இடத்தில் வந்து இறங்கும். சின்னது என்றால் 40,000 ரூபாய்.

ஒப்பந்தம் என்று வாயெடுத்தால் மனிதர் உடைந்துபோகிறார். "நமக்குள்ள எதுக்கு சார் பேப்பர்?" தாள் கடைக்காரருக்கும் அவருக்கும் நடுவே பேப்பர் உண்டு. அச்சகத்துக்கு உண்டு, அரங்க வாடகைக்கு உண்டு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆவது பிரிவு, உரிமையை எழுத்தில்தான் கைமாற்ற வேண்டும், ராயல்டி எவ்வளவு என்று அதில் இருக்க வேண்டும், காலம் குறிக்காவிட்டால் 5 ஆண்டுதான் செல்லும் என்கிறது. நாடாளுமன்றத்துக்கு அவ்வளவுதான் தெரியும். எங்கள் பதிப்பாளரின் அன்பு நாடாளுமன்றத்தைவிடப் பெரியது.

வெளியீட்டு விழாவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மண்டபம் நம் செலவு, டிபன் நம் செலவு, நமக்குப் போர்த்தும் பொன்னாடையும் நம் செலவு. சிறப்பு விருந்தினர் மேடை ஏறும்போது முன்னுரையைப் புரட்டிவிட்டு "இந்த நாவல்..." என்று ஆரம்பிப்பார். கைதட்ட வேண்டும்.

கையெழுத்துக்கு வருவோம். பொங்கலையொட்டி நடக்கிற சென்னை புத்தகக் காட்சியில் அரங்க வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காரவைக்கிறார்கள். சமையல் புத்தகம் எந்த வரிசை, கழிப்பறை எந்தப் பக்கம் என்று வருகிறவர்களுக்கு வழி சொல்வதில் மாலை கழியும். போன தடவை ஒருவர் நின்றார். புத்தகத்தை எடுத்தார், முகர்ந்தார். தன் பெயரைச் சொல்லி, மகள் பெயரையும் சேர்த்து, "அன்புடன்னு போடுங்க சார், தேதியும் போடுங்க" என்றார். போட்டேன். அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்தார். என்னோடு ஒரு செல்ஃபி. பிறகு புத்தகத்தைப் பத்திரமாக அடுக்கிலேயே வைத்துவிட்டு, மிளகாய் பஜ்ஜி விற்கிற திசையில் குடும்பத்தோடு நடந்தார். போகும்போது, "பிடிஎஃப் இருந்தா வாட்ஸ்அப்ல தட்டி விடுங்க சார்." அரங்கப் பையன் அந்தப் பிரதியைத் தூக்கிப் பார்த்து முகம் சுளித்தான். "பேரெல்லாம் எழுதிட்டீங்களே, இனிமே இத யாரு சார் வாங்குவா?" அந்தப் பிரதியின் விலை 200 ரூபாய் என் கணக்கில் ஏறியது. என் கணக்கு என்று ஒன்று இருப்பதே அன்றுதான் தெரிந்தது. அதில் பற்று மட்டும் எழுதுவார்கள் போல.

அதே அரங்கில் வாங்குகிற எல்லாருக்கும் 10 சதவீதக் கழிவு உண்டு. கேட்காமலே, கையோடு, பில்லிலேயே கழித்துவிடுகிறார்கள். எழுதியவனுக்கான ராயல்டியும் வழக்கமாக 10 சதவீதம்தான். 200 ரூபாய் புத்தகத்துக்கு 20 ரூபாய். 300 பிரதி விற்றால் 6,000. வழிப்போக்கருக்குப் பட்டென்று கிடைக்கிற அந்த 20 ரூபாய், எழுதியவனுக்கு மட்டும் ஆண்டுக்கணக்கில் ‘பார்க்கலாம்’.

கூட்டங்களில் தவறாமல் ஒருவர் எழுந்து, "உங்களுக்குக் கதைக்கான உந்துதல் எங்கிருந்து வருது?" என்பார். இயற்கை, பாட்டி, கிராமத்து ஆலமரம் என்று பதில் எதிர்பார்க்கிறார். உண்மையைச் சொல்கிறேன்: பதிப்பாளரிடமிருந்து. ராயல்டி கேட்டுப் போன ஒவ்வொரு முறையும் ஒரு புதுக் கதை. 2015இல் வெள்ளம், கிடங்கெல்லாம் நீர். 2016இல் நோட்டு செல்லாமல் போனது. 2017இல் ஜிஎஸ்டி. புத்தகத்துக்கு அந்த வரி இல்லையே என்றால், தாளுக்கு உண்டே என்று கண் கலங்கினார். 2020இல் கொரோனா, அதற்கு நானே அழுதுவிட்டேன். எல்லாம் நிஜமான துயரங்கள், அதுதான் கலை. பாத்திர வார்ப்பு, உச்சம், எதிர்பாராத முடிவு எதிலும் குறையில்லை. இத்தனை பிரளயத்துக்கும் நடுவே ஒற்றை அரங்கு இரட்டை அரங்காக வளர்ந்த கதையை மட்டும் அவர் சொல்வதில்லை. தேவைக்கேற்ப 50, 50 பிரதியாக அடித்துக்கொள்கிற வசதி வந்தபின், எத்தனை அடித்தார், எத்தனை விற்றது என்று கடவுளும் எண்ண முடியாது.

சிறுகதை எழுதிய புதுமைப்பித்தன் காசநோயில் செத்த 1948இல்தான் அன்றைய சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது. நாட்டுக்கே முன்னோடி என்று மார்தட்டிக்கொள்கிறோம். இன்றும் சொத்து வரியோடு 10 சதவீதம் நூலக வரி கட்டுகிறோம். அந்தப் பணத்தில் அரசு புத்தகம் வாங்குகிறது. நெடுங்காலம் 16 பக்கம் கொண்ட ஒரு ஃபாரத்துக்கு இவ்வளவு என்று விலை போட்டார்கள். உள்ளே இருப்பது கதையா காலி இடமா என்பது பொருட்டல்ல. நூலக ஆணை கிடைத்த சேதி பதிப்பாளருக்குப் போகும், பணமும் அவருக்குப் போகும். எழுதியவன், ஏதோ ஒரு ஊர்க் கிளை நூலகத்தில் தன் புத்தகத்தைத் தற்செயலாகப் பார்த்து, முத்திரையைத் தடவி, ‘ஓ, வாங்கியிருக்கிறார்கள்’ என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

இதையெல்லாம் வாய்விட்டுக் கேட்டால் அவர் கையில் ஒரு ஆயுதம் இருக்கிறது. "சி.சு. செல்லப்பா புத்தக மூட்டையைத் தூக்கிக்கிட்டு காலேஜ் காலேஜா அலைஞ்சார் சார். நீங்க 20 ரூபாய்க்கு அலையறீங்க." செல்லப்பா சுமந்தது தன் காசில் போட்ட புத்தகங்களை, யாருடைய ராயல்டியையும் மூட்டையில் ஒளித்துவைக்கவில்லை. தன் ‘சுதந்திர தாகம்’ நாவலைக்கூட எண்பது வயதுக்கு மேல், 1997இல், தானேதான் வெளியிட்டார். அதற்குச் சாகித்திய அகாதெமி விருது 2001இல் வந்தது. அப்போது அவர் இல்லை. ஒரு கிழவரைக் கடைசிவரை மூட்டை தூக்கவிட்ட சமூகம், அந்த மூட்டையைக் காட்டி மற்றவன் வாயை அடைக்கிறது. வெட்கம் கிடையாது.

ஒன்றுதான் கேட்டேன். சமையல் சிலிண்டர் இறங்கினால் குறுஞ்செய்தி வருகிறதே, ஒரு பிரதி விற்றாலும் அப்படி ஒன்று அனுப்பக் கூடாதா?

"இலக்கியத்தைப் போய் சிலிண்டரோட வைக்கிறீங்களே சார்" என்றார். முகம் நிஜமாகவே வாடிவிட்டது. எதிர் நாற்காலியில் ஒரு இளம் எழுத்தாளர், அரசுப் பள்ளி ஆசிரியராம், நீட்டிய காசோலையை அந்த வாடிய முகத்தோடேயே வாங்கி, பெயரில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று இரண்டு தடவை சரிபார்த்தார்.