காரியதரிசியா, வித்துவானா?

கேள்வி (திருச்சி): என் ஹோம் தியேட்டருக்கு எட்டு வயதாகிறது. போனஸ் பணம் கையில் இருக்கிறது. ரிசீவரை மாற்றுவதா, ஸ்பீக்கர்களை மாற்றுவதா? ஒரே வார்த்தையில் பதில் வேண்டும்.

பதில்: ஸ்பீக்கர். கேட்ட ஒரு வார்த்தையைக் கொடுத்தாயிற்று. காரணத்தைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை.

படத்தின் ஓசையை வாங்கி, எது முன்னே ஒலிக்க வேண்டும், எது முதுகுக்குப் பின்னே ஒலிக்க வேண்டும் என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வேண்டிய பலத்தையும் கொடுத்து அனுப்பிவைக்கிற ரிசீவர், சங்கீத சபையின் காரியதரிசியைப் போன்றது. மேடையேறி வாய் திறந்து பாடுகிற வித்துவான் ஸ்பீக்கர்தான். காரியதரிசி எத்தனை சமர்த்தராயிருந்தாலும், கச்சேரி முடிந்து வீடு திரும்புகிறவர்கள் மனத்தில் சுமந்து செல்வது வித்துவானுடைய சாரீரத்தையே அல்லவா? இன்று நடுத்தர விலையில் கிடைக்கும் ரிசீவர், தன் சக்திக்கு உட்பட்டு ஓடும் வரையில், ஒலியில் உண்டாக்கும் திரிபு 0.1 சதவிகிதத்துக்கும் குறைவு. நல்ல ஸ்பீக்கரோ, மந்தர ஸ்தாயியில் பலமாக முழங்கும்போது, இரண்டு மூன்று சதவிகிதம் வரை திரித்துவிடுவது சகஜம். குறை எங்கே அதிகமோ அங்கே பணத்தைப் போடுவதுதான் விவேகம்.

ஆயுளையும் கவனியுங்கள். செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்னும் இரு அமெரிக்கப் பொறியாளர்கள் 1925-இல் விவரித்த தத்துவத்தின்படியேதான், அதாவது காந்தத்தின் நடுவே ஒரு கம்பிச்சுருள் அசைய, அதனோடு ஒட்டிய கூம்பு காற்றைத் தள்ளுவது என்ற முறையிலேதான், இன்றைக்கும் பெரும்பாலான ஸ்பீக்கர்கள் இயங்குகின்றன. ரிசீவரின் முதுகிலுள்ள எச்.டி.எம்.ஐ. துவாரமோ 2002-இல் பிறந்து, 2013-இல் ஒரு முறையும் 2017-இல் மறு முறையும் பெரிய மாறுதலை அடைந்துவிட்டது. ஆகவே கையிலிருப்பதில் முக்கால் பங்கை ஸ்பீக்கருக்கென்று ஒதுக்குங்கள்.

கேள்வி (மதுரை): என்னிடமிருப்பது 100 வாட் ரிசீவர். கடைக்காரர் 140 வாட் காட்டுகிறார். சத்தம் ஒன்றரை மடங்காகத் தோன்றுமல்லவா?

பதில்: தோன்றாது. நம்முடைய செவி வாட்டைக் கூட்டிக் கணக்குப் பார்க்கிற இந்திரியம் அன்று. நூறு வாட் நூற்று நாற்பதானால் ஒலியின் அளவு ஏறுவது ஏறக்குறைய ஒன்றரை டெசிபல். கூர்ந்து கேட்பவருக்குத்தான் அது புலனாகும். சத்தம் இரண்டு மடங்காயிற்று என்று மனிதன் உணர வேண்டுமானால் பத்து டெசிபல் ஏற வேண்டும். அதற்குப் பத்து மடங்கு சக்தி, அதாவது ஆயிரம் வாட், வேண்டியிருக்கும். அந்த யந்திரத்தை வாங்கவும் உங்களுக்கு மனம் வராது, பக்கத்து வீட்டாருக்கும் சம்மதமிராது.

இதைவிட மலிவான மார்க்கம் ஒன்று உண்டு. ஸ்பீக்கர் பெட்டியின் விவரச் சீட்டில் ‘87 டெசிபல்’ என்றோ ‘90 டெசிபல்’ என்றோ ஓர் எண் அச்சிட்டிருக்கும். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எவ்வளவு ஓசை எழும் என்பதைக் குறிக்கும் எண் அது. எண்பத்தேழிலிருந்து தொண்ணூறுக்குப் போவது, ரிசீவரின் வாட்டை இரட்டிப்பதற்குச் சமானம். கடைக்காரர் காட்டும் அந்த 140-க்குப் பக்கத்திலே பொடி எழுத்தில் இருப்பதையும் கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள்: ‘ஒரு சானல் மட்டும், 6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், திரிபு 10 சதவிகிதம்’ என்று இருந்தால், ஐந்து ஸ்பீக்கரும் ஒருமிக்க முழங்கும் போர்க்களக் காட்சியில் அந்த 140 உங்களுக்குக் கிட்டாது என்பது நிச்சயம்.

கேள்வி (நாகர்கோவில்): சண்டைக் காட்சியில் ஜன்னல் அதிர்கிறது, வசனம் மட்டும் ஒன்றும் விளங்கவில்லை. ரிசீவரில் கோளாறா?

பதில்: ரிசீவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுமுன், நடுவிலே இருக்கும் சென்டர் ஸ்பீக்கரை விசாரியுங்கள். சினிமாவின் வசனத்தில் மிகப் பெரும் பகுதி அதன் வழியாகவே வருகிறது. அப்படியிருந்தும் செட்டிலேயே சிறியதும் மலிவானதுமாக அதை வாங்கி, டி.வி. ஸ்டாண்டின் கீழ்த்தட்டிலே ஒளித்து வைப்பது நம்மவர் வழக்கமாகிவிட்டது. நண்பர் ஒருவருடைய வீட்டிலும் அது அலமாரித் தட்டில் ஒரு சாண் உள்ளே தள்ளி, கல்யாணப் போட்டோவுக்கும் மருந்து டப்பாவுக்கும் நடுவே உட்கார்ந்திருந்தது. அதைத் தட்டின் விளிம்பு வரை முன்னே இழுத்து, அடியில் மடித்த காகிதத்தைச் செருகி, முகம் சற்றே நிமிர்ந்து உட்கார்ந்திருப்போரின் காதை நோக்கும்படி செய்தோம். அதுவரையில் ‘என்ன சொன்னான்?’ என்று கேட்டுக்கொண்டிருந்த அவருடைய தாயார் அன்று முழுப் படத்தையும் கேள்வி கேட்காமலே பார்த்தார். செலவு ஒரு பழைய வாரப் பத்திரிகை.

அடுத்தபடியாக அறையை விசாரியுங்கள். ஹார்வர்ட் சர்வகலாசாலையில் ஃபாக் கலைக்கூடத்தின் பிரசங்க மண்டபத்தில் பேசுகிறவர் பேச்சு ஒருவருக்கும் புரியவில்லை என்ற புகாரைத் தீர்க்கும் பொறுப்பு 1895-இல் வாலஸ் சபைன் என்ற இளம் பௌதிக ஆசிரியரிடம் வந்து சேர்ந்தது. உச்சரித்த சொல் அடங்க அங்கே ஐந்தரை விநாடி ஆகிறதென்றும், அதற்குள் பின்வந்த சொற்களெல்லாம் அதன்மேல் ஏறிக் குழம்புகின்றனவென்றும் அவர் கண்டார். பக்கத்து நாடகசாலையின் இருக்கை மெத்தைகளை இரவு நேரங்களில் சுமந்து வந்து பரப்பி, எத்தனை மெத்தைக்கு எத்தனை விநாடி குறைகிறதென்று அளந்த அந்தப் பொறுமையிலிருந்துதான் மண்டப ஒலியியல் என்ற சாஸ்திரமே பிறந்தது.

நம் வீட்டுக் கூடத்தின் பூச்சுச் சுவரும் டைல்ஸ் தரையும் தம்மீது படும் ஓசையில் நூற்றில் இரண்டு மூன்று பங்கையே உட்கொண்டு மிச்சத்தைத் திருப்பி எறிந்துவிடும். கூடத்தின் நடுவில் நின்று ஒரு தடவை கையைத் தட்டிப் பாருங்கள்; தட்டிய பிறகும் ‘ர்ர்ர்’ என்று ஓர் அதிர்வு தொடருமானால், வசனத்தைத் தின்பது அதுதான். கனத்த திரைச்சீலையை மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட்டால் அது பேச்சொலியில் ஏறக்குறையப் பாதியை விழுங்கிவிடும். தரையில் பவானி ஜமுக்காளமும் அதன் அடியில் கனமான மெத்தைவிரிப்பும் போடலாம். நெருக்கமாக அடுக்கிய புத்தக அலமாரி வீட்டுக்கு இரட்டை லாபம். ராத்திரியில் ஜன்னல் அதிராமலிருக்க, ரிசீவரிலேயே இரவு நேரத்துக்கென்று ஓர் அமைப்பு இருக்கும். பெருத்த ஓசையை அடக்கி, மெல்லிய ஓசையைத் தூக்கிவிடும் அதைத் தேடிப் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி (கோவை, ஒரு சகோதரி): டால்பி அட்மாஸ் இல்லாத வீடு வீடே அல்ல என்று என் கணவர் சொல்லி, கூரையில் துளை போட ஆளைக் கூப்பிட்டுவிட்டார். தடுக்கலாமா?

பதில்: ஒரு மாதம் தள்ளிப் போடச் சொல்லுங்கள். 2012-இல் திரையரங்குகளுக்கு வந்த அந்த முறை, மழையை நிஜமாகவே தலைக்கு மேலிருந்து பெய்யவைக்கும் அற்புதமான காரியந்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் தரைமட்டத்திலுள்ள ஐந்து ஸ்பீக்கரும் சுமாராயிருக்கும்போது கூரையில் நாலு சேர்த்தால் சுமாரானவை ஒன்பதாகும், அவ்வளவுதான். துளையே இல்லாமல், ஓசையை மேலே எறிந்து கூரையில் மோதித் திருப்பும் ஸ்பீக்கர்களும் உண்டு. கூரை சமதளமாகவும் ஏழரை முதல் பன்னிரண்டு அடி உயரத்துக்குள்ளும் இருந்தால் அவை நன்றாக வேலை செய்யும். சரிவான ஓட்டுக் கூரையில் பயனில்லை.

கேள்வி (சேலம்): அப்படியானால் ரிசீவரை மாற்றவே கூடாதா?

பதில்: மாற்றலாம். புது டி.வி.யின் படத்தை அது கடத்த மறுத்தால். நாலு ஓம் ஸ்பீக்கரைத் தாங்கமாட்டாமல் பாதிப் படத்தில் தானே அணைந்தால். மைக்கை வைத்து அறையை அளந்து சீர்செய்யும் வசதி அதில் அறவே இல்லாவிட்டால். புது மாடல் வந்துவிட்டது என்பது மட்டும் காரணமாகாது.

கேள்வி (காரைக்குடி): அப்பா வாங்கிய பழைய ஸ்பீக்கர்கள் இரண்டு இருக்கின்றன. ‘கரகர’ என்கின்றன. எடைக்குப் போடவா?

பதில்: அவசரப்படாதீர்கள். முன்பக்கத் துணியைக் கழற்றி, கூம்பைச் சுற்றியுள்ள ஸ்பாஞ்சு வளையத்தை விரலால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். புழுதியாக உதிர்கிறதா? கரகரப்புக்கு அதுவே காரணமாயிருக்கக்கூடும். கூம்பும் சுருளும் நன்றாயிருக்க, வளையம் மட்டும் காலத்தால் மக்கிப் போவது அந்நாளைய ஸ்பீக்கர்களில் சர்வசாதாரணம். பெரிய ஊர்களில் அதை மாற்றி ஒட்டித் தருகிற தொழிலாளிகள் இன்னும் இருக்கிறார்கள். சென்னைக்கு வந்தால் ரிச்சி தெருவில் விசாரியுங்கள்.

கேள்வி (வேலூர்): கடையில் எல்லா ஸ்பீக்கரும் நன்றாகத்தான் கேட்கிறது. எப்படித் தேர்ந்தெடுப்பது?

பதில்: இரண்டை ஒப்பிடும்போது சற்றே உரக்க ஒலிப்பதுதான் உயர்ந்ததாகத் தோன்றும், இது எல்லாருக்கும் பொதுவான மயக்கம். ஆகையால் இரண்டையும் ஒரே சத்த அளவில் வைக்கச் சொல்லுங்கள். கனடாவில் ஃபிளாய்ட் டூல் என்ற ஆராய்ச்சியாளர், ஸ்பீக்கரின் பெயரும் உருவமும் தெரியாதபடி திரையிட்டு, பலரையும் கேட்கவைத்துப் பல வருஷம் பரீட்சித்ததில், எந்த ஸ்தாயியையும் தூக்காமலும் தாழ்த்தாமலும் உள்ளபடி ஒலிக்கிற ஸ்பீக்கரையே பெரும்பாலோர் விரும்பினார்கள் என்று கண்டார். நீங்களும் கண்ணை மூடிக்கொண்டு, வரிக்கு வரி உங்களுக்குப் பழக்கமான ஒரு பாட்டைப் போட்டு, பாடகரின் குரல் மனிதக் குரலாகவே ஒலிக்கிறதா என்பதை மட்டும் கவனியுங்கள். கடை அறை வேறு, உங்கள் கூடம் வேறு. ஆகவே ஒரு வாரம் வீட்டில் வைத்துக் கேட்டபின் திருப்தியில்லாவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்ளச் சம்மதமா என்று கேட்டு, சம்மதிக்கிற கடையிலேயே வாங்குங்கள்.