நாலே சாமான், நாற்பது யோசனை

சமையலில் ஒரு விதி உண்டு. சாமான் குறையக் குறைய ஆலோசகர்கள் கூடுவார்கள். பிரியாணி செய்கிறவரிடம் யாரும் வாய் திறப்பதில்லை. அந்த நீளமான பட்டியலைப் பார்த்தாலே மரியாதை வந்துவிடும். வெந்நீர் வைத்துப் பாருங்கள், ஆளுக்கொரு யோசனை வரும். ஜாம் வைத்த பட்டர் குக்கீ, வெந்நீருக்கு அடுத்த படி. மைதா, வெண்ணெய், சர்க்கரை, நடுவில் கொஞ்சம் ஜாம். அவ்வளவுதான்.

கணக்கும் சுலபம். எடையில் சர்க்கரை ஒரு பங்கு, வெண்ணெய் இரண்டு, மைதா மூன்று. அதாவது 50, 100, 150 கிராம். சர்க்கரையைப் பொடித்து வெண்ணெயோடு குழைத்து, மைதாவைச் சேர்த்து உருட்ட வேண்டியது.

"முட்டை உண்டாடா?" என்றாள் அம்மா. இல்லை என்றதும் இந்த விஷயத்தில் பேச அவளுக்கு முழு உரிமை வந்துவிட்டது.

"அப்போ வெண்ணெய்க்குப் பதிலா நெய் விடு. மணமா இருக்கும்."

வெண்ணெயில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு தண்ணீர், நெய்யில் அது கிடையாது, நெய் விட்டால் இது நான்கட்டாய் ஆகிவிடும், அதுவும் நல்ல பண்டம்தான் என்று விளக்கினேன்.

"நல்லதுன்னு நீயே சொல்றியே!"

வெண்ணெய் அறை வெப்பநிலையில் இருக்க வேண்டும் என்று எல்லாச் செய்முறையும் சொல்லும். எழுதியவர் இருப்பது குளிர்நாட்டில், அவர் அறை 20 டிகிரி. சுவீடன்காரர்கள் இதே குக்கீயை ராஸ்பெரி ஜாம் வைத்துச் செய்கிறார்கள். காபிக்கு ஏழு வகை குக்கீ வைப்பது அங்கே பழைய வழக்கம். அதையே தலைப்பாக்கி 1945இல் ஒரு சமையல் புத்தகமே வந்திருக்கிறது. ஏழு வகை! குளிர்நாட்டில் வெண்ணெய் சொன்ன பேச்சைக் கேட்கும். அது உருகுவது 32 முதல் 35 டிகிரிக்குள். மே மாதச் சென்னையில் என் சமையலறையே 35. மிக்ஸி மூடியைத் தேடித் திரும்புவதற்குள் கிண்ணத்தில் குளம்.

ஆகவே உருட்டியதை அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தே தீரவேண்டும். வைக்காவிட்டால் சூட்டில் எல்லாம் பரந்து, தட்டு முழுக்க ஒரே குக்கீயாகிவிடும். ஆனால் ஃபிரிட்ஜின் நடுத்தட்டு இட்லி மாவுக்குப் பட்டா போட்டுக் கொடுத்தது.

"மாவை வெளிய எடுத்துடாதீங்க, புளிச்சிடும்," என்றாள் மனைவி. தட்டு, மாவுப் பாத்திரத்தின் மூடிமேல் ஒண்டிக்கொண்டது.

ஓவனை 170 டிகிரிக்கு முன்கூட்டியே சூடாக்கினேன். அப்பா குனிந்து கண்ணாடி வழியே பார்த்தார்.

"உள்ள ஒண்ணுமே இல்லாம எரியுதேடா!"

1500 வாட், அரை மணி நேரம், மிஞ்சிப்போனால் முக்கால் யூனிட் என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. காலண்டரில் குறித்துக்கொண்டார்.

கட்டைவிரலால் குழி போடும் வேலையை மகள் எடுத்துக்கொண்டாள். அவள் கட்சி, குழி வழிய மிக்ஸட் ஃப்ரூட் ஜாம். என் கட்சி, முக்கால் குழி. ஜாமில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரைதான். சூடேறினால் இளகி ஓடித் தட்டில் கருகும். வாக்கெடுப்பில் நான் தோற்றேன். ஜாம் ஓடியது.

12 நிமிடத்தில் ஓரம் பொன்னிறமானது. வெளியே எடுத்தேன். மனைவி ஒன்றை விரலால் அமுக்கினாள்.

"வேகலைங்க. இன்னும் அஞ்சு நிமிஷம் வையுங்க."

வெந்துவிட்டது. உள்ளே வெண்ணெய் இன்னும் உருகிய நிலையில் இருப்பதால் தொட்டால் குழையும். ஆறினால்தான் மொறுமொறுப்பு வரும். அதற்கு வேண்டியது, பத்து நிமிடம் யாரும் ஒன்றும் செய்யாமல் இருப்பது. காலையிலிருந்து வந்த யோசனைகளில் இந்த ஒன்றை மட்டும் யாரும் சொல்லவில்லை. நெய் விடு, ஏலக்காய் போடு, இன்னும் வேகவை என்று எல்லாம் ஏதாவது செய்யச் சொல்பவைதான். 'சும்மா இரு' என்று சொல்ல நம் வீடுகளில் ஆளே கிடையாது. அப்பா அதற்குள் ஒன்றை வாயில் போட்டு, கொதிக்கும் ஜாமோடு கூடத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

ஆறியபின் தட்டைச் சுற்றி உட்கார்ந்தோம். அப்பா நாலாவதைக் கையில் எடுத்து ஆராய்ந்தார்.

"மைதா, வெண்ணெய், சர்க்கரை, ஜாம். இதைத்தானேடா டீக்கடையில பன் பட்டர் ஜாம்னு குடுக்கறான்? கரண்டே இல்லாம!"

யாரும் மறுக்கவில்லை. எல்லார் வாயிலும் குக்கீ.

"நெய் விட்டிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்," என்று அம்மா காலித் தட்டை என் பக்கம் தள்ளினாள்.